கருஞ்சிறுத்தையாம், கருஞ்சிறுத்தை!

மறுபடியும் அதே வீடியோவை அனுப்பாதீங்க, பார்த்தாச்சு. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பரண் மேல உட்கார்ந்திருந்தவர், புல்வெளி ஓரமா ஒரு கருப்பு மிருகம் போறதை எடுத்துட்டார். உடனே கருஞ்சிறுத்தை!

வட அமெரிக்கக் காட்டில் இருக்கிறது பூமா, பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய காட்டுப்பூனை. கருப்புப் பூமான்னு ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் உறுதியானதில்லை. தோலும் கிடைக்கலை, உடலும் கிடைக்கலை. கருப்பா பிறக்கிறது சிறுத்தையும் ஜாகுவாரும்.

"கண்ணால பார்த்தவன் பொய்யனா?" யாரும் அப்படிச் சொல்லலை. வெளிச்சம் பின்னாடியிருந்து வந்தா பழுப்பு மிருகமும் கருப்பாத்தான் தெரியும். அதைவிட, வெறும் புல்வெளியில் அளவு பிடிபடாது. கிட்ட நிக்கிற பூனையைத் தூரத்தில் நிக்கிறதா நினைச்சா அது புலி சைஸுக்குப் போயிடும். அந்த வாலைப் பாருங்க, கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நிக்குது. பூமா நடக்கும்போது தடிச்ச வால் தாழ்ந்து தொங்கி நுனி மட்டும் மேல வளையும். வீடியோவில் இருக்கிறது வீட்டுப் பூனை. பூனைங்க!

சந்தேகமா? பரண்ல கேமராவை அதே இடத்தில், அதே ஜூமில் வைங்க. மிருகம் நின்ன இடத்தில் அளவு குறிச்ச கம்பை நட்டு இன்னொரு படம் எடுங்க. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா உயரம் வந்துடும். தடத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வச்சு நேர் மேலயிருந்து எடுங்க. வளர்ந்த பூமான்னா 7 செ.மீ.க்கு மேல அகலம், பூனைக்கு 3 செ.மீ. சுமாருக்கு. நகம் பதிஞ்சிருந்தா பெரும்பாலும் நாய். முடி கிடைச்சா காகித உறையில் போடுங்க. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி டிஎன்ஏ கெட்டுடும்.

"பூமாவே வாழாத கனெக்டிகட் மாநிலத்துக்கு 2011-ல பூமா வரலையா?" வந்துச்சு. தெற்கு டகோட்டாவிலிருந்து 2,400 கி.மீ.க்கு மேல வந்து கார்ல அடிபட்டுச் செத்துச்சு. எப்படித் தெரியும்? மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் அது விட்டுட்டுப் போன எச்சத்தோட டிஎன்ஏ பொருந்துச்சு. அதுவும் பழுப்புதான். "அரசாங்கம் மறைக்குது"ங்கறவங்களுக்குப் பதிலே கிடையாது.

கம்பு நடுங்கன்னு சொன்னதுக்கு, களத்துக்கே போகாம உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுற "நாற்காலி நிபுணர்"னு பட்டம். சரி, வச்சுக்கறேன். ஆனா இப்படிப் பூனைக்கெல்லாம் புகார் போனா, நிஜப் பூமா வர்ற அன்னைக்குப் போனை எவன் எடுப்பான்? ஆட்டுப் பட்டி வச்சிருக்கிறவன்தான் மாட்டுவான், லைக் வாங்கினவன் இல்லை.

பிளாக் பண்றவங்க தாராளமா பண்ணுங்க. கம்பு நட்ட படம் இருந்தா மட்டும் அனுப்பிட்டு அப்புறம் பண்ணுங்க.