அந்த 50 சதவீதம்

போன வாரம் ஒரு விவாதத்தில் எனக்குப் பேச்சே நின்றுவிட்டது. இசைத்துறையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று பேசிக்கொண்டிருந்தோம். "யார் என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்தால், பெண்கள் இசைக்குழுவுக்குத் தேர்வாகும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுகிறது, ஆய்வே இருக்கிறது" என்றேன். நண்பர் அமைதியாகக் கேட்டார்: "அந்த ஆய்வைப் படித்திருக்கிறீர்களா?"

படித்ததில்லை. பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

அன்று இரவே தேடி எடுத்தேன். கிளாடியா கோல்டின், சிசிலியா ரௌஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் பெரிய சிம்பொனி இசைக்குழுக்கள் ஆள் எடுத்த பழைய பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 50 சதவீதம் அதில் இருக்கிறது. ஆனால் முழுத் தேர்வுக்கும் அல்ல, சில தொடக்கச் சுற்றுகளைத் தாண்டுவதற்கு மட்டும். சில கணிப்புகளில் பிழைக்கு நிறைய இடம் உண்டு, ஓரிடத்தில் விளைவு நேர்மாறாகவே வருகிறது என்று ஆய்வுச் சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அது அரையிறுதிச் சுற்று. இவ்வளவையும் வைத்துப் பார்த்தும், மொத்தச் சான்றுகள் திரை பெண்களுக்கு உதவியது என்ற பக்கமே சாய்கின்றன என்பது அவர்கள் முடிவு. அவர்கள் பார்த்துப் பார்த்துச் சொன்னதை நாம்தான் கைமாற்றிக் கைமாற்றி ஒற்றை எண்ணாக்கிவிட்டோம்.

இது எனக்கு உண்மையிலேயே வலித்தது. அரைகுறையாகத் தெரிந்த ஒரு எண்ணை நம்பி நிற்கிறோம், யாராவது அதை உடைத்துவிட்டால் பிரச்சினையே பொய் என்று ஆகிவிடுகிறது. பிரச்சினை பொய்யே அல்ல.

அசைக்க முடியாத சான்றுகள் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற இசைக்குழுவான வியன்னா பில்ஹார்மோனிக் 1997 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. அன்னா லெல்கெஸ் உறுப்பினர் ஆகாமலே இருபது வருடங்களுக்கு மேல் அங்கே ஹார்ப் என்ற தந்தி வாத்தியம் வாசித்தார். இதற்குப் புள்ளியியல் எதுவும் வேண்டாம்.

எண்ணே வேண்டுமென்றால், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அனன்பெர்க் குழு 2018-ல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. 2012 முதல் 2017 வரை அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் ஆண்டிறுதி ஹிட் பட்டியலில் வந்த 600 பாடல்களை எடுத்து, பெயர் பெயராக எண்ணினார்கள். பாடகர், இசைக்கலைஞர்களில் பெண்கள் 22.4 சதவீதம். பாடல் எழுதியவர்களில் 12.3. அதே பாடல்களில் ஒரு பகுதியை எடுத்து, ஒலிப்பதிவை வழிநடத்தும் தயாரிப்பாளர்களை எண்ணியபோது வெறும் 2. மேடையிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போகப் போக எண்ணிக்கை எப்படிச் சரிகிறது பாருங்கள்! ஆனால் இது ஹிட் பாடல்களின் கணக்கு. "இசை உலகிலேயே பெண் தயாரிப்பாளர்கள் 2 சதவீதம்தான்" என்று யாராவது எழுதினால் அது தவறு. அப்புறம், எத்தனை பேர் என்று சொல்லும் எண் ஏன் என்று சொல்லாது. அதற்கு வேறு வகைச் சான்று தேடவேண்டும்.

அபி கோனன்ட் என்ற இசைக்கலைஞரின் கதை அப்படிப்பட்டது. 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவரைத் தேர்வுக்கு அழைத்த கடிதத்தில் 'ஹெர்', அதாவது 'திரு' என்று போட்டிருந்தது. திரைக்குப் பின்னால் டிராம்போன் என்ற ஊதும் வாத்தியத்தை வாசித்தார், அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் முதன்மை இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். அவர் நீதிமன்றம் போனார். மூச்சுக்கு வலு உண்டு என்று நிரூபிக்க நுரையீரல் பரிசோதனைகூடச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. பத்து வருடங்களுக்கு மேல் போராடி ஜெயித்தார். ஒருவரின் அனுபவம்தான், எல்லா இசைக்குழுக்களும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு பெண்ணைப் பின்னுக்குத் தள்ளுவது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதை எந்தச் சதவீதமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

நேற்று இதையெல்லாம் நண்பருக்கு எழுதி அனுப்பினேன், என் பழைய 50 சதவீதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்ற வரியோடு. "சரி, அந்த 600 பாடல்களுக்கு வெளியே நிலைமை என்ன?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. தேடிக்கொண்டிருக்கிறேன்.