மார்க் போடுகிறவரிடமே போய் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் நம் ஆட்கள் பிள்ளை எஸ்பிஎம் என்கிற பள்ளி இறுதித் தேர்வை முடிக்கிறவரை டியூஷனுக்குக் கொட்டிக் கொடுப்பார்கள். கணக்குக்கு ஒரு சார், கெமிஸ்ட்ரிக்கு ஒரு டீச்சர், அப்பா ஓவர்டைம் முடிந்த கையோடு மோட்டாரில் கொண்டுபோய் விட்டு, வெளியிலேயே காத்திருந்து அழைத்து வருவார். மருத்துவத்தில் இடம் கிடைத்ததும் தண்ணீர்மலை முருகன் கோவிலில் ஓர் அர்ச்சனை, குடும்ப வாட்சாப்பில் நாற்பது ஸ்டிக்கர். அதோடு சரி. அப்புறம் ஐந்து வருஷம் அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கிறது, ராத்திரி தூங்குகிறதா என்று கேட்க ஆள் கிடையாது. கேட்டால், "அவளுக்கென்ன, கெட்டிக்காரி."

நானும் அந்தக் கெட்டிக்காரிதான். மூன்றாம் ஆண்டு கிளினிக்கல் தேர்வில் ஃபெயில். வீட்டில் சொல்லவில்லை. அம்மா போன் செய்தால் "வார்டில் இருக்கிறேன்" என்பேன், இருந்தது வாடகை அறைக் கட்டிலில். பினாங்குத் தீவில் படிக்கிற பிள்ளைக்கு ஃபெர்ரி ஏறினால் வீடு. ஆனால் எட்டு வாரம் நான் ஃபெர்ரி ஏறவே இல்லை.

கல்லூரியில் எனக்கென்று ஒரு மென்டர் இருந்தார், இல்லையென்று சொல்லவில்லை. செமஸ்டருக்கு ஒரு தடவை போவோம், "எல்லாம் ஓகேயா?" என்பார், "ஓகே டாக்டர்" என்போம், பாரத்தில் கையெழுத்து. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வார்டு போஸ்டிங்கில் எனக்கு மார்க் போடுகிறவரும் அவர்தான். அவரிடமே போய், "டாக்டர், எனக்கு நெஞ்சைத் தட்டிப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள் என்று நானும் ஆட்டுகிறேன்" என்று எந்த மாணவி சொல்வாள்? இந்தப் பதிவில் என் வாதமே இது ஒன்றுதான். குறையைக் கேட்கிற ஆளும் மார்க் போடுகிற ஆளும் ஒருவராக இருந்தால், அந்த ஏற்பாடு பாரத்தை நிரப்பத்தான் உதவும்.

என்னைத் தூக்கிவிட்டது ஒரு சீனியர் அக்கா. எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர். நான் அழுது முடிக்கிறவரை ஒன்றும் பேசவில்லை, அப்புறம் குளியலறைக்குக் கூப்பிட்டார். தண்ணீர் நின்றுவிட்டால் ஆகும் என்று நாங்கள் பிடித்து வைத்திருந்த நீல டிரம் அங்கே இருந்தது. மூடியைத் திறக்காமல் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று தட்டிச் சொல் என்றார். இடது கை நடுவிரலை அழுத்தி வை, வலது கை நடுவிரலால் அதன் மேல் தட்டு, முழங்கை ஆடக்கூடாது, மணிக்கட்டு மட்டும், தட்டியதும் விரலை எடுத்துவிடு. முதலில் நகத்தை வெட்டு. மேலே தட்டினால் வெற்றுச் சத்தம், இறங்கி வர வர ஓரிடத்தில் சத்தம் மங்கி 'தொப்' என்று ஆனது. "நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தாலும் இதுதான்டி சத்தம்" என்றார். மூன்று மாதம் புத்தகத்தில் படித்தது அந்தப் பத்து நிமிஷத்தில் கைக்கு வந்தது. நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் எழுதி வெளியிட்ட அவுன்புருக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் ஒரு விடுதிக்காரரின் மகன் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவின் ஒயின் பீப்பாய்களைத் தட்டிப் பழகியவர் என்று கதை சொல்வார்கள். அவருக்குப் பீப்பாய், எனக்கு டிரம்.

அக்கா பாடம் நடத்தவே மாட்டார், கேள்விதான். நோட்டை மூடு, மஞ்சள் காமாலைக்கு என்னென்ன காரணம், சொல். எனக்கு எரிச்சலாக வரும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து வைத்த சோதனையில் முன்னே நின்றார்கள், ஒரு வாரம் கழித்து வைத்ததில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். மஞ்சள் ஹைலைட்டரை நம்பி நான் ஃபெயிலானது சும்மா இல்லை.

அப்புறம் ஓஸ்கி (OSCE), நோயாளியைப் பரிசோதித்துக் காட்டுகிற செய்முறைத் தேர்வு. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஹார்டன் குழுவினர் அறிமுகப்படுத்திய தேர்வு முறை. மணி அடித்தால் ஓர் அறை, சில நிமிஷத்தில் திரும்ப மணி, அடுத்த அறை. பெயர் சொன்னாயா, கை கழுவினாயா, அனுமதி கேட்டாயா என்று தேர்வாளர் கையில் ஒரு பட்டியல். இதைத் தனியாக உட்கார்ந்து படித்துப் பழகவே முடியாது. நோயாளியாகப் படுக்க ஒருவர் வேண்டும், கடிகாரம் பார்க்க ஒருவர் வேண்டும். பணம் கட்டி வீடியோ கிளாஸ் வாங்கித் தருகிற பெற்றோருக்குச் சொல்கிறேன், வீடியோ கட்டிலில் படுக்காது.

"இதற்குத்தானே லெக்சரர் இருக்கிறார்கள்" என்று இங்கே யாராவது எழுதுவீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களில் பலர் ஒரே வருஷம் ஹவுஸ்மேன், அதாவது பட்டம் வாங்கியதும் ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சி, முடித்து நிரந்தர வேலைக்குப் போன தலைமுறை. இப்போது இரண்டு வருஷம், 2016 டிசம்பரிலிருந்து சேருகிறவர்களுக்கு கான்ட்ராக்ட் வேறு. எந்தப் போஸ்டிங்கில் ஆள் உடைந்துபோகிறான், எதற்குப் பணம் சேர்த்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் நேற்று அதைத் தாண்டியவனுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் சீனியர் தலையில் கட்டவும் கூடாது. தூக்கமே இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அது டியூஷன் விஷயம் இல்லை. கூடவே உட்கார்ந்து, மனம் விட்டுப் பேச போனில் ஆள் தருகிற பிஃப்ரண்டர்ஸ் அமைப்பிடமோ மனநல மருத்துவரிடமோ கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை. "பிரேயர் பண்ணு, சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடாதீர்கள்.

இப்போது ஆன்கால் இல்லாத ஞாயிறுகளில் பிறையில் என் வீட்டுக்கு மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை, அவர்கள் மார்க்கும் என் கையில் இல்லை, அதனால் உளறத் தயங்குவதில்லை. இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, மெசேஜ் அனுப்புங்கள். கோலாலம்பூர் பக்கம் இருக்கிற எம்ஓக்கள் (ஹவுஸ்மேன் முடித்த மருத்துவ அதிகாரிகள்) யாராவது மாதத்துக்கு ஒரு காலை தர முடியுமென்றால் கீழே எழுதுங்கள், பிள்ளைகளை நான் சேர்த்துவிடுகிறேன்.

நோயாளி எங்கள் அப்பா. சோபாவில் சட்டையைக் கழற்றிப் படுத்துக்கொள்வார், கல்லீரலைத் தேடி மூன்று பேரும் மாறி மாறி அமுக்குவார்கள். போன வாரம் ஒரு தம்பி நேராக வந்து வயிற்றில் கை வைக்கப் போனான். அப்பா கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னார்: "கை கழுவிட்டு வாப்பா, அதுக்கு ஒரு மார்க் இருக்கு."