சான்றிதழ் செல்லும், கை மறந்துவிடும்

“பச்சிளங்குழந்தை உயிர்மீட்புச் சான்றிதழ் 2 ஆண்டு செல்லும், அதுவரை மறுபயிற்சி வேண்டாம்” என்று செவிலியர், மருத்துவர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது. சான்றிதழ் செல்லும், சரி. கை? அமெரிக்க இதயச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலே 2 ஆண்டுக்கு ஒருமுறை போதாது, இன்னும் அடிக்கடி வேண்டும் என்றது.

பிறக்கும் குழந்தைகளில் சுமார் 10-இல் ஒன்றுக்குத்தான் மூச்சுவிட உதவி தேவைப்படும். இதயத்தை இயக்க மார்பை அழுத்த வேண்டிவருவது அதைவிட மிக அரிது. செய்யாத வேலை சில மாதங்களிலேயே கைவிட்டுப் போகும். மூச்சுக் கொடுக்கும் காற்றுப்பையின் முகமூடி குழந்தையின் கண்மேல் ஏறும், ஓரத்தில் காற்று கசியும், மார்பு எழும்பாது. பதற்றத்தில், பையை அழுத்தும் வேகமும் எகிறும். குழந்தை பிறந்த முதல் நிமிடத்துக்குள் தொடங்க வேண்டிய வேலை இது! பணி நடுவே பயிற்சிப் பொம்மையில் கொஞ்ச நேரம் பையை அழுத்திப் பார்ப்பதும் மறுபயிற்சிதான்.