சுவரில் வேண்டாம், பலகையில் வரையட்டும்

1971-இல் ஆஸ்திரேலியாவின் பப்புன்யா பள்ளிச் சுவரில், அவ்வூர்ப் பூர்வகுடிப் பெரியவர்கள் தேனெறும்புக் கனவுக் கதையை, அதாவது தேனெறும்பு மூதாதையரைப் பற்றிய தங்கள் படைப்புக் கதையை, வரைந்தார்கள். முன்னின்றவர் காபா ட்ஜம்பிட்ஜின்பா. ஓவிய ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் துணை நின்றார். மேற்குப் பாலைவன ஓவிய இயக்கம் அந்தச் சுவரிலிருந்துதான் கிளம்பியது. 1974-இல் பராமரிப்பு வேலை என்று சொல்லி அதன்மேல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள்.

பூர்வகுடி மாணவர்கள் சேர்ந்து தங்கள் பள்ளிக்கு ஓவியம் செய்யும்போதெல்லாம் நான் பலகையை வற்புறுத்துவது இதனால்தான். கட்டடத்தை இடித்தாலும் பலகையைக் கழற்றி எடுத்துவிடலாம்.

ஆனால் பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே பாதி வேலை இருக்கிறது. பள்ளி எந்த மக்களின் மண்ணில் நிற்கிறதோ, அவர்களின் மூத்தோரிடம் முதலில் போக வேண்டும். எந்தக் கதையைச் சொல்லலாம், எதைச் சிறுவர்கள் வரையக் கூடாது என்பது அவர்கள் முடிவு. அவர்களுடைய நேரத்துக்குப் பணமும் கொடுக்க வேண்டும். அடுத்தது, பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று அறிவது. பூர்வகுடி ஓவியம் என்றாலே புள்ளி என்று ஆசிரியர்கள் நினைப்பது பெரிய தவறு. புள்ளி மேற்குப் பாலைவனத்துக்காரர்களுடையது. வடக்கே ஆர்னெம் லேண்டில் 'ரார்க்' எனும் நுண்ணிய குறுக்குக்கோடுகள். நியூ சவுத் வேல்ஸின் விராஜுரி போன்ற மக்களுக்கோ கேடயத்திலும் மரத்திலும் செதுக்கிய கோடுகளும் சாய்சதுரங்களும். விராஜுரிப் பிள்ளையிடம் புள்ளி வைக்கச் சொல்வது அவனுடைய பாட்டனின் கையைத் தட்டிவிடுவதுதான்.

பலகைக்கு ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் நல்லது: 12 மில்லிமீட்டர் கனம், 2400க்கு 1200 அளவு. ஒன்று கிட்டத்தட்ட இருபது கிலோ இருக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும். இருபது மாணவர்களுக்கு நான்கு பலகை சரியாக வரும். ஒரு பலகையைச் சுற்றி ஐந்து பேருக்கு மேல் நின்றால் முழங்கை இடிக்கும். அறுத்த ஓரங்களுக்கு மூன்று முறை பிரைமர் அடியுங்கள். பிளைவுட் கெடுவது ஓரத்தில்தான்: தண்ணீர் அங்கே இறங்கி அடுக்குகளைப் பிரித்துவிடும். முன்பக்கத்தோடு பின்பக்கத்துக்கும் பிரைமர் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும்.

வெளிப்புற அக்ரிலிக் பெயின்ட் வாங்குங்கள். காவி, செம்மண், மஞ்சள் காவி எல்லாம் இரும்பு ஆக்சைடு நிறங்கள். வெயிலில் எளிதில் வெளிறாது. மலிவான பளிச் சிவப்பும் இளஞ்சிவப்பும்தான் மேற்கு வெயிலில் முதலில் போகும். புள்ளி வைப்பவர்கள் மரக்குச்சியின் தட்டை முனையை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருமுறை தோய்க்க வேண்டும். ஒரே தோய்ப்பில் நாலு வைத்தால் நாலும் நாலு அளவாகும். பெயின்ட் தோசைமாவுப் பதத்தில் இருக்கட்டும். நீர்த்தால் பரவும், இறுகினால் கூம்பாக நின்று பிறகு உதிரும். மேலிருந்து கீழே வந்தால் கை பட்டு அழியாது.

எல்லாரும் தடுக்கி விழுவது வார்னிஷில். அவசரத்தில் மறுநாளே பூசினால் உள்ளே ஈரம் சிக்கிப் பால்போல் வெளுக்கும். ஒரு வாரம் பொறுங்கள்.

காப்புரிமை வரைந்த பிள்ளைகளுடையது, பள்ளியுடையதல்ல. ஓவியத்தைச் சீருடையிலோ தண்ணீர் பாட்டிலிலோ அச்சிட, வரைந்த அத்தனை பேரிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

பெயர்களை ஓவியத்தின் மீது எழுதாதீர்கள். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சில காலம் சொல்வதில்லை, காட்டுவதுமில்லை. பெயர்ப்பலகை தனியாக, இரண்டு திருகாணியில் நிற்கட்டும். குடும்பம் கேட்டால் அன்றே கழற்றிவிடலாம்.