அட்மின் மட்டும்னு போட்டா மரியாதை வந்துடுமா?

கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சண்டை வந்தா போதும், நம்ம வாத்தியாருங்க செய்யிற மொத வேலை செட்டிங்ஸ்ல போய் அட்மின் மட்டும்தான் மெசேஜ் போடலாம்னு மாத்தி விடுறது. குரூப் கப்சிப். "இப்பதாங்க பசங்க அடக்கமா இருக்காங்க"ன்னு ஸ்டாஃப் ரூம்ல பெருமை வேற. வாயக் கட்டி வச்சா அதுக்குப் பேரு மரியாதையா? 2020 மார்ச்ல ஸ்கூல் மூடுனப்ப வேற வழியில்லாம ஆரம்பிச்ச குரூப்புங்க, இன்னிக்கு நெறைய எடத்துல நோட்டீஸ் போர்டாத்தான் கெடக்கு.

நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பசங்க எழுதுறத கூகுள் கிளாஸ்ரூம்ங்கிற ஆப்ல போடச் சொல்லி, கீழ மத்தவங்க கருத்து எழுதணும்னு வச்சிருக்கேன். வாட்ஸ்அப் வேணாம்னதுக்கு காரணம் இருக்கு. அங்க குரூப்ல சேந்தாலே எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், ஒரு பொண்ணு நல்லா எழுதிட்டா ராத்திரி அந்த நம்பருக்கு தனியா ஒரு ஹாய் வரும், அப்புறம் அவங்கப்பா போனையே வாங்கி வச்சிடுவாரு, புள்ள எழுதுறதும் அதோட சரி. இன்னொண்ணு, பையன் எழுதுறதும் அப்பா போன்லருந்துதான், அதனால அவன் கருத்து அப்பா டிபியா வச்சிருக்கிற கட்சித் தலைவர் படத்தோடயோ சாதித் தலைவர் படத்தோடயோ வந்து நிக்கும். "நல்லாருக்கு"ன்னு போட்டாகூட படிக்கிற புள்ளைக்கு அந்தப் படம்தான் மொதல்ல கண்ணுல படும். இதப்பத்தி எந்த டிரெயினிங்லயும் யாரும் பேசி நான் கேட்டதில்ல. கூகுள் கிளாஸ்ரூம்ல புள்ளைங்க பேர்லயே ஐடி, ஒருத்தன் எல்ல மீறுனா அவன மட்டும் மியூட் பண்ணிக்கலாம், மொத்த கிளாஸயும் பூட்ட வேண்டியதில்ல.

ஆனா ஆப்ப மாத்துனா மட்டும் ஒண்ணும் ஆயிடாது. ஆரம்பத்துல வந்ததெல்லாம் "சூப்பர்", "செம மச்சி", இல்லன்னா "ற தப்பு". இந்த ற போலீஸ் எல்லாம் நம்ம செவப்பு மையப் பாத்து வளந்தவங்கதானே. அதனால கண்டிஷன் போட்டேன்: எழுதுனதுலருந்து ஒரு வரிய எடுத்துக் காட்டணும், அதுல ஒரு கேள்வி கேக்கணும், பட்டப்பேரு கூடாது. பிழைய நான் தனியா சொல்லிக்கிறேன், அது ஒங்க வேல இல்ல.

ஒரு பொண்ணு அவங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போறத எழுதியிருந்தா. மொதல்ல ரெண்டு சிரிப்பு ஸ்மைலி. அதுக்குக் கீழ கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன், "அம்மா விடியும்போதே தூக்குவாளி எடுத்துட்டுப் போயிரும்னு எழுதிருக்க, அப்ப வீட்ட யாரு பூட்டுவா?"ன்னு கேட்டான். "நான்தான். சாவிய மாடத்துல வச்சிருவேன், தம்பிக்குத் தெரியும்"னு பதில். அவ்வளவுதான், ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டுச் சாவி எங்க இருக்கும்னு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. (டேய் அதெல்லாம் இங்க சொல்லாதீங்கடான்னு நான் குறுக்க விழ வேண்டியதாப் போச்சு, ஆன்லைன்ல எதச் சொல்லக்கூடாதுங்கிற பாடமும் அன்னிக்கே முடிஞ்சது.) அந்த ஸ்மைலிய அதுக்கப்புறம் யாரும் சீண்டல.

ஊஞ்சல், தேன்சிட்டுன்னு அரசே 2022ல பசங்களுக்குப் பத்திரிகை கொண்டுவந்துச்சு, நல்ல விஷயம், பேரு அச்சுல வந்தா அந்தப் புள்ள நடையே மாறிடுது. ஆனா படிச்ச இன்னொரு புள்ள கேக்குற கேள்வி வகுப்புலதான் கெடைக்கும்.

"சிலபஸே முடியல, இதுக்கு எங்க சார் நேரம்"னு கேக்குறாங்க. வாரத்துல ஒரு பீரியடு போதும். இதே கண்டிஷன நம்ம ஸ்டாஃப் குரூப்லயும் போட்டுப் பாக்கலாமான்னு கேட்டு வச்சிருக்கேன், இதுவரைக்கும் கட்டைவிரல்தான் வந்திருக்கு.