இரைவது என் பேஸ் இல்லை, உங்கள் கரண்ட்

"தம்பி, உங்கட பேஸ்தான் இரையுது. கொஞ்சம் குறைச்சு வையுங்க."

நான் பேஸ் கிற்றார் வாசிக்கிறவன். போன சனிக்கிழமை மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். இதே வார்த்தையை ஒரே இரவில் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். முதலில் சவுண்ட்ஸ்கார அண்ணன். அப்புறம் எங்கள் கீபோர்ட்காரன். கடைசியில் பெண்ணின் மாமா. அவர் பட்டு வேட்டியோடு மேடைக்கே ஏறி வந்து, சனம் பார்க்க என் தோளில் கை வைத்துச் சொன்னார். அப்போது எனக்கு முகம் கொதித்துவிட்டது. கிற்றாரின் வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனேன். இரைச்சல் போகவில்லை. அம்ப்பில், அதாவது சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியில் இருந்து, கிற்றார் கேபிளையே பிடுங்கினேன். அப்போதும் போகவில்லை. என் அம்ப்புக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனால் அது அமைதியாக இருக்கிறது. மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர் இரண்டும்தான் உம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தன. பேஸ் பூட்டாமலே இரைகிறது, பாருங்கள் என்று கையைக் காட்டிக் கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். தடித்த சத்தம் எது வந்தாலும் அது பேஸ்காரன் வேலை.

பதினாறு வருஷமாக இந்தக் கதையைக் கேட்கிறேன். வாழைச்சேனையில் கேட்டேன், களுவாஞ்சிக்குடியில் கேட்டேன், கல்முனையில் கேட்டேன், அக்கரைப்பற்றிலும் கேட்டேன். இனிமேல் பொறுக்க முடியாது.

அன்றைக்கு மேடையில் இருந்த நிலைமையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். பின்சுவரில் ஒரே ஒரு பிளக் பொயிண்ட். அதிலிருந்து ஒரு வயர் ரோல். அதன் நுனியில் ஒரு மல்டி பிளக், அந்த மல்டி பிளக்கின் மேல் இன்னொரு மல்டி பிளக். சோடனை பல்ப், கலர் மாறுகிற எல்.ஈ.டி. லைட் நாலு, புகை மெஷின், கீபோர்ட், லீட் கிற்றாரின் அம்ப், என் அம்ப், காலால் அழுத்திச் சத்தத்தை மாற்றுகிற என் பெடல்கள் எல்லாம் அதில்தான். எல்லாச் சத்தத்தையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மிக்சர் மண்டபத்தின் மற்ற அந்தத்தில், ஐஸ்கிறீம் ஃப்ரீசர் பூட்டிய பொயிண்டில் இருந்தது. என் அம்ப்பில் இருந்து மிக்சர் வரைக்கும் இருபது மீற்றருக்குச் சாதாரண ஜக் கேபிள் ஒன்றை இழுத்திருந்தார்கள். வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவில் பூட்டுகிற டி.ஐ. பொக்ஸ் இல்லையா அண்ணன் என்று கேட்டேன். "அதெல்லாம் கொழும்புக்காரர் பாவிக்கிற சாமான் தம்பி" என்றார்.

இதில் எங்கே இருந்து இரைச்சல் வரும் என்று தெரிய எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை. என் அம்ப்புக்கு மேடைப் பொயிண்டில் ஒரு எர்த். மிக்சருக்கு மற்றப் பொயிண்டில் இன்னொரு எர்த். நடுவில் அந்த ஜக் கேபிளின் வெளிப்பின்னல் இரண்டு எர்த்தையும் சேர்க்கிறது. ஒரு பெரிய வளையம் ஆகிவிட்டது. அந்த வளையத்துக்குள் ஓடுகிற சின்ன மின்னோட்டத்தைத்தான் மிக்சர் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கிறது. நல்ல டி.ஐ. பொக்ஸின் உள்ளே ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபோர்மர் இருக்கும், பக்கத்தில் சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சிக்னல் போகும், வளையம் அறுந்துவிடும், எவருக்கும் ஆபத்தும் இல்லை. அல்லது மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே பொயிண்டில் இருந்து கரண்ட் எடுத்து, அந்த எல்.ஈ.டி. லைட்டுகளையும் ஃப்ரீசரையும் வேறு பொயிண்டுக்கு மாற்றினாலே பாதி அடங்கும். இதைச் செய்யப் பத்து நிமிஷம் போதும். பூ வாசலைக் கட்ட ஆறு மணித்தியாலம் செலவழித்தவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தைத் தரவில்லை.

இரைச்சல் என்றால் வெறும் இரைச்சல்தானே, பாட்டோடு கலந்து போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பேஸின் தடித்த ஈ கம்பியைத் திறந்து தட்டினால் 41.2 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு அத்தனை அதிர்வு. அதே கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் மூன்றாவது கட்டில், ஜி சுரம், அது 49 ஹேர்ட்ஸ். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். விளங்குகிறதா? இரைச்சல் ஜி சுரத்துக்குப் பக்கத்திலேயே வந்து குந்தியிருக்கிறது. ஜியும் இல்லை, அடுத்த சுரமும் இல்லை. நான் ஜியைப் பிடித்து நிறுத்தினால் இரண்டும் மோதி, செக்கனுக்கு ஒரு தடவை சத்தம் வீங்கி வற்றும். மேல் ஜியைப் பிடித்தால் அது 98, கரண்டின் இரட்டிப்பு 100, அப்போது செக்கனுக்கு இரண்டு தடவை. கேட்கிறவனுக்கு என்ன தோன்றும்? பேஸ்காரன் சுருதி சேர்க்கவில்லை என்றுதான் தோன்றும். என் ட்யூனர் பெடலில் பச்சை லைட் எரிகிறது, நான் சரியான சுரத்தில் நிற்கிறேன், ஆனால் மண்டபமே என்னை அபசுரம் என்று பார்க்கிறது. இதைவிட ஒரு வாத்தியக்காரனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

அதுவும் அன்றைக்கு ஆட்டப் பாட்டான பைலா முழுக்க ஜியில். பாடகருக்கு அந்தச் சுருதிதான் தோது. மட்டக்களப்பில் கல்யாணம் என்றால் பைலா இல்லாமல் முடியாது. பறங்கியர் வீட்டுக் கஃப்ரிஞ்ஞா ஆட்டப் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்தத் தாளத்துக்குக் கால் தூக்குகிறவனைத் தூக்குவதே பேஸ்தான். அதைக் குறைத்து வை என்று சொல்வது சோற்றைக் குறைத்துக் கறியை மட்டும் சாப்பிடு என்பது போல. கடைசியில் சவுண்ட்ஸ்காரர் மிக்சரில் அடிச்சத்தத்தை முழுதாக வெட்டிவிட்டார். இரைச்சல் குறைந்தது. பேஸும் போனது. டிக் டிக் என்று விரல் தட்டுவது மட்டும் கேட்டது. நான் அரை மணித்தியாலம் எவருக்கும் கேட்காத பாட்டை வாசித்துக்கொண்டிருந்தேன்.

பிழை எங்கள் பக்கம் ஒருநாளும் இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஜாஸ் பேஸ் என்ற மொடல் போல, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற தனிச்சுருள் பிக்கப் இரண்டு உள்ள கிற்றாரில் ஒன்றின் வொலியூமைக் குறைத்தால் அது இரையத்தான் செய்யும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். 1957இல் பிரிசிஷன் பேஸ் என்ற மொடலுக்கு இரண்டாகப் பிளந்த பிக்கப் வந்ததே, அதில் அந்தத் தொல்லை இல்லை. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிற்றாருக்குள் மறைப்புப் போதாது என்று அர்த்தம். தொட்டும் விட்டும் ஒரே மாதிரி இரைந்தால் கரண்டில் கோளாறு இருக்கலாம். பேஸ்காரனைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்த ஒரு சோதனையையாவது செய்யலாமே. கடற்காற்று உப்புப் பிடித்து ஜக் கறுத்துப்போவதும் நம் ஊரில் உண்டு, மாதத்துக்கு ஒரு தடவை நானே துடைக்கிறேன்.

சரி, மண்டபத்தை விடுங்கள். இந்த ஊரில் ஒரு பெடலுக்கு ஒழுங்கான அடப்டர் வாங்க முடிகிறதா?

பெடல் என்றால் பெரும்பாலும் 9 வோல்ட் டி.சி., நடுமுனை நெகடிவ். இதுதான் உலக வழக்கம். கடையில் போய்க் கேட்டால் ரவுட்டர் அடப்டரைத் தூக்கித் தருகிறார்கள். அதில் நடுமுனை பொசிடிவ், அதுவும் பெரும்பாலும் 12 வோல்ட். சி.சி.ரி.வி. கெமராவின் அடப்டரும் அப்படித்தான். கொடுமை என்னவென்றால் பின் ஒரே அளவு. "பின் சரியாப் போகுதுதானே தம்பி, பிறகென்ன?" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டார். நான் புதிதாக வாசிக்கத் தொடங்கிய காலம், நம்பி வாங்கினேன். வீட்டில் பூட்டின அடுத்த நிமிஷம் என் கொம்ப்ரஸர் பெடலில் இருந்து பிளாஸ்டிக் எரிகிற மணம். ஒரு வருஷம் காசு சேர்த்து வாங்கிய பெடல் அது. திரும்பப் போனால், "கடையில வேலை செஞ்சதுதானே" என்கிறார். வேலை செய்தது என்பது லைட் எரிந்தது.

இன்னொரு வகை உண்டு. 3, 4.5, 6, 7.5, 9, 12 வோல்ட் என்று மாற்றி வைக்கிற அடப்டர். ரேடியோவுக்கு வாங்குவது. மேலே 9 என்று எழுதியிருக்கும். மீற்றரை வைத்து அளந்தேன், ஒன்றும் பூட்டாமல் 13 வோல்ட் காட்டியது. ஒழுங்குபடுத்துகிற பகுதியே அதற்குள் இல்லை. பெடலைப் பூட்டினால் வோல்ட் இறங்கும், ஆனால் 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் கூடவே வரும். அதைத்தான் அரைவாசிப் பிள்ளைகள் வாங்கிப் பூட்டிவிட்டு, "அண்ணன், என்ட பெடல் நல்லமில்லை" என்று வந்து நிற்கிறார்கள். பெடலில் ஒன்றும் இல்லை தம்பிமாரே. ஒரே அடப்டரில் இருந்து சங்கிலி வயர் போட்டு ஐந்து பெடலுக்குக் கொடுப்பதும் இதே கதைதான். பழைய அனலொக் பெடல் நாலுக்கு அது சில வேளை தாங்கும். அதற்குள் டிஜிட்டல் டிலே என்ற எதிரொலிப் பெடல் ஒன்றைச் சேர்த்தால், அதன் உள்ளே ஓடுகிற கடிகாரச் சத்தம் பொது எர்த் வழியாக ஓவர்டிரைவ் என்ற கரகரப்புப் பெடலுக்குள் புகுந்து நுளம்பு போலக் கீச்சிடும். ஓவர்டிரைவுக்குப் பத்து மில்லி அம்பியர் அளவில் போதும், டிஜிட்டல் பெடல்களில் சிலது முன்னூறு கேட்கும். எல்லாவற்றையும் ஒரே குழாயில் குடிக்க விட்டால் எப்படி? ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளைதான் இதற்கு மருந்து. அதை வாங்க நான் விடியச் சாமம் பஸ் ஏறிச் சுமார் 300 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குப் போனேன். பெடலை விட அதன் விலை கூட. "கரண்ட் குடுக்கிற பெட்டிக்கா இவ்வளவு காசு?" என்று வீட்டில் கேட்டார்கள். ஓம், அதற்குத்தான்.

பற்றரி போடலாமே என்பார்கள். ட்யூனருக்கும் ஓவர்டிரைவுக்கும் நல்ல அல்கலைன் பற்றரி போடலாம், நாட்கணக்கில் ஓடும். டிஜிட்டல் பெடலில் ஒரு கச்சேரி முடிவதற்குள் செத்துவிடும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் நான் பற்றரியில்தான் பயிற்சி எடுத்தேன். கடையில் அல்கலைன் கிடைக்காமல், பெட்டியில் கசிகிற மலிவுப் பற்றரியைப் போட்டு, ஒரு பெடலின் கவ்வியே துருப்பிடித்துப் போனது.

இவ்வளவையும் பொறுக்கலாம். அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் கை கழுவிவிட்டு வருகிறேன், சவுண்ட்ஸ்கார அண்ணன் என் அம்ப்பின் பிளக்கைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். பச்சையும் மஞ்சளும் கலந்த அந்த வயரை குறடால் வெட்டப் போகிறார். "எர்த்தைக் கழற்றிவிட்டா இரைச்சல் போயிரும் தம்பி, நாங்க எல்லா இடத்திலயும் இப்படித்தான்." பாய்ந்து போய்ப் பறித்தேன்.

போகும், இரைச்சல் போகும். அதோடு என் உயிரும் போகும். அம்ப்புக்குள் ஒரு வயர் கழன்று தகரத்தில் முட்டினால், அந்தக் கரண்ட் எர்த் வழியாக இறங்கி ட்ரிப் சுவிட்சை விழுத்த வேண்டும். எர்த் இல்லையென்றால் அது கேபிள் பின்னல் வழியாக என் கிற்றாரில் கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜுக்கு வரும், கம்பிக்கு வரும், வியர்வையில் ஊறிய என் பத்து விரலுக்கும் வரும். நான் பின்பாட்டும் பாடுகிறவன். உதடு மைக்கில், மைக் மிக்சரின் எர்த்தில். கையில் ஏறி வாயால் இறங்கும். கதை விடவில்லை. 1972இல் பிரித்தானியாவின் சுவான்சியில் லெஸ்லி ஹார்வி என்ற கிற்றார்காரர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் தன் வீட்டில், எர்த் ஒழுங்கில்லாத கிற்றாரோடு கரண்ட் அடித்துச் செத்தார்.

நம் ஊரில் எர்த்தை வெட்டாதவர்களும் அதை மதிப்பதில்லை. உருண்டை இரண்டு பின் பிளக்கைச் சதுரப் பொயிண்டில் ஏற்ற, எர்த் துவாரத்துக்குள் நெருப்புக்குச்சியைக் குத்தி மூடியைத் திறக்கிறார்கள். அன்றைக்கு மேடைப் பொயிண்டிலும் ஒரு முறிந்த குச்சி இருந்தது. வீட்டில் போன் சார்ஜருக்குச் செய்கிற பழக்கத்தை, இருநூறு பேர் ஆடுகிற மண்டபத்தில், ஈரக்காலோடு பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்தில் செய்கிறார்கள். குச்சியை எடுத்து அந்த அண்ணன் கையில் கொடுத்தேன். பிளக்கை நானே திரும்பப் பூட்டினேன். வயர் ரோலை மிக்சர் இருந்த பொயிண்டுக்கு இழுத்துப்போய், ஃப்ரீசரைக் கழற்றி வேறு இடத்தில் போட்டுவிட்டு, அம்ப்பையும் மிக்சரையும் ஒன்றாகப் பூட்டினேன். இரைச்சல் முக்கால்வாசி போனது. மாமா வந்து, "இப்ப நல்லாயிருக்கு தம்பி, குறைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். நான் குறைக்கவில்லை ஐயா, ஒரு நூலளவும் குறைக்கவில்லை என்றேன்.

வருகிற வெள்ளி திருக்கோவில் பக்கம் கோயில் திருவிழா. வெட்டவெளி மேடை, ஜெனரேற்றர். எர்த் கம்பி நிலத்தில் அடிப்பீர்களா என்று போனில் கேட்டேன். "எல்லாம் இருக்கும் தம்பி, நீங்க வாங்க" என்றார்கள். எது எல்லாம் என்று திரும்பக் கேட்டேன். பதில் இல்லை. டி.ஐ. பொக்ஸ் ஒன்றை என் காசில் வாங்கிவிட்டேன், டெஸ்டரும் மீற்றரும் பெடல் பெட்டிக்குள் இருக்கின்றன. போய் முதலில் பொயிண்டை அளப்பேன். நிலத்தில் கம்பி இல்லையென்றால் கிற்றாரைப் பையை விட்டு எடுக்க மாட்டேன், எவர் மேடையேறி வந்து தோளில் கை வைத்தாலும் சரி.