ஓ.பி. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்

அக்காவுக்கு சிசேரியன் ஆன பன்னிரண்டாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில், காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், சதைப்பிடிப்பு என்று சொல்லி வலி மாத்திரையும் களிம்பும் எழுதித் தந்தார்கள். நாங்களும் ரத்தக்கட்டு என்று ஒத்தடம் கொடுத்தோம். அடிபட்டுக் கன்றிப்போவதையும் நாளத்துக்குள் ரத்தம் உறைவதையும் நம் பேச்சில் ஒரே சொல்லால் குறிப்பது எவ்வளவு ஆபத்தானது என்று அன்று தெரியவில்லை. நான்காம் நாள் மூச்சுத் திணறியது. உறைவின் துண்டு நுரையீரலை அடைத்திருந்தது. வேறொரு மருத்துவமனையில் அக்கா பிழைத்தாள்.

நோயைத் தவறாகக் கணித்துவிட்டார் என்பதற்காக மட்டும் சட்டம் ஒரு மருத்துவரைக் குற்றம் சொல்வதில்லை, அது நியாயமும்கூட. பிரசவமான பெண்ணுக்கு ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், சாதாரணத் திறமையும் கவனமும் உள்ள மருத்துவர் நாளங்களில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பாரா என்பதே கேள்வி. மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை தரப்பட்ட கிஷன் ராவ் வழக்கில், எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் கூறியது. ஆனாலும் ரத்த உறைவு வழக்கில் நிபுணர் கருத்தை வாங்கிவிடுவதே நல்லது என்பேன்; அன்று உறைவு இல்லை, பிறகுதான் வந்தது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும்.

சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராததால், அங்கே நேர்ந்த தவறுக்கு உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று பின்வாங்க வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தர வேண்டும், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அக்காவின் ஓ.பி. சீட்டில் தேதி, 'கால் வலி' என்ற குறிப்பு, இரண்டு மருந்துப் பெயர்கள், அவ்வளவுதான். ஸ்கேன் என்ற சொல்லே இல்லை. செல்பேசியில் இருந்த படத்தைக் காட்டியபோது வழக்கறிஞர் முதலில் கேட்டது, இதன் அசல் எங்கே என்பதைத்தான்.